சிவப்புக்கோட்டின் பூர்வ சரித்திரம்

ஆண்டிபட்டிக்குத் தென்மேற்கே, மூலவைகையின் போக்கை எதிர்த்து, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று ஊர் ஊராக ஏறிச் சென்றால், மலைகள் நெருங்கி வந்து சூழ்ந்துகொள்ளும் பள்ளத்தாக்கே வருசநாடு. அப்பக்கத்து ஊர்ப்பெயர்களை, தமிழ்ச் சொற்பட்டியல் இணைத்த ஒரு கணினியில், பட்டா மனுவுக்காகவோ கிரயப் பத்திரத்துக்காகவோ ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கினால், தும்மக்குண்டு, முறுக்கோடை, வாலிப்பாறை, கோம்பைத்தொழு, குமணன்தொழு என ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் கீழே சிவப்பு நெளிகோடு ஓடக் காண்பார். மதுரைக்கு அக்கோடு விழுவதில்லை, சென்னைக்கும் விழுவதில்லை. “என்னப்பா, ஊர்ப்பேரு செவப்பாக் காட்டுதே, தப்பா?” என்று மனு எழுத வந்த குடியானவர் திகைத்தால், “தப்பு இல்லண்ணே, அதுக்கு நம்ம ஊரு தெரியாது” என்று ஜெராக்ஸ் கடை இளைஞர் தலைநிமிராமலே சொல்லிவிட்டு மேலே அடிப்பார். இதனினும் துல்லியமான விளக்கத்தைக் கணினி நூல்களிலும் காண்பது அரிது.

சொல்லப்போனால், அந்தக் கோடு ஓர் ஐயக்குறி. கணினியினுள் ஒரு சொற்பட்டியல் உண்டு. எழுதிய சொல் அதில் நேராகவோ விகுதி, வேற்றுமையுருபு முதலியவற்றைக் களைந்த பின்னரோ அகப்படாவிட்டால், அதன் கீழே கோடு விழுகிறது. பிழை செய்தவர் எழுதியவரா, விட்டுவிட்டவர் பட்டியல் தொகுத்தவரா என்று பகுத்தறியும் சக்தி அக்கோட்டுக்கு இல்லை. ஆயினும் அதைத் தீர்ப்பாகக் கொண்டு, தம் ஊரின் பெயரையே மாற்றி எழுதிவிடுகிறவர்களும் உண்டு. இக்குறிக்கு ஒரு பூர்வ சரித்திரம் இருக்கிறது என்பதையும், அதன் பழைய தடங்களிற் சில இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியே கிடக்கின்றன என்பதையும் அறிந்தோமானால், அதனிடம் எவ்வளவு மரியாதை காட்டவேண்டும் என்பது ஒருவாறு விளங்கும்.

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக்கரையை அடுத்துள்ள புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் அதற்குமுன் தமிழகத்தில் அறியப்பட்டதில்லை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், பட்ட வீரனுக்கு எடுத்தது. உடைந்துபோன பிறிதொரு கல்லில் முதலெழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்துகளை ஊகித்து நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழக்கூடியதே. கல்லைப் படித்தவர்கள் அவ்வாசைக்கு இடங்கொடாமல், சிதைந்த இடத்தில் புள்ளிகளை மட்டும் இட்டு வெளியிட்டார்கள். சாசனம் படிப்போரிடையே இதற்கென ஒரு சம்பிரதாயமே உண்டு: மங்கிய எழுத்தை ஐயத்தோடு படித்தால் அதைச் சதுர அடைப்புக்குள் இடுவர், கல்தச்சன் விட்டுவிட்டதைத் தாம் சேர்த்தால் அடைப்புக்குள் ஒரு நட்சத்திரக்குறியும் கூட்டுவர். கல்லில் இருப்பது இது, யான் எண்ணுவது இது என்று வாசகருக்குத் தனித்தனியே காட்டும் நாணயம் அக்குறிகளில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளும், வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலுமாக வெட்டப்பட்டவை, இம்முறைப்படியே தென்னிந்தியக் கல்வெட்டுகளின் மூன்றாம் தொகுதியில் அச்சேறின. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றையொன்று ஒத்து மயக்கும் என்பதை நினைத்தால், அடைப்புக்குறி எத்தனை அவசியமானது என்பது புலப்படும்.

கல்லையும் செம்பையும் விட ஓலையே பிழைக்கு நல்ல விளைநிலம். எழுத்தாணியால் கீறும்போது புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதனால் ஒற்றெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ஒருவர் ‘மரம்’ என்று எழுதிவைத்தால், அடுத்தவர் அதை ‘மாம்’ என்றும் ‘மாம’ என்றும் ‘மரம’ என்றும் படிக்க இடமுண்டு. இவற்றுள் எது சரியென்பதைச் சூழ்ந்துள்ள சொற்களையும் யாப்பையும் கொண்டே துணியவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில்களை வேறுபடுத்த வழிசெய்த பின்னரும், நாட்டுப்புறத்து ஏடெழுதுவோர் பழைய வழக்கத்தை எளிதில் விடவில்லை. எழுதுகையில் ஓரெழுத்து விடுபட்டால், அதை வரிக்கு மேலோ கீழோ கீறி, சேரவேண்டிய இடத்தில் பறவையின் கால்போன்ற ஒரு சிறு குறி இடுவார்கள். ஹம்ஸபாதம் என்றும் புள்ளடி என்றும் அதற்குப் பெயர். இலங்கையில் வாக்குச்சீட்டில் இடும் அடையாளத்தை இன்றும் புள்ளடி என்றே சொல்கிறார்கள். ஏட்டுச்சுவடியின் திருத்தக்குறி தேர்தல் சாவடிவரை நடந்து சென்றிருக்கிறது.

ஏடெழுதினோரில் இரு சாரார் உண்டு. பொருள் தெரியாமல் கண்டதைக் கண்டபடியே வரைந்து வைத்தவர் ஒரு சாரார். சிறிது கற்று, தமக்குப் புரியாத பழஞ்சொல் வந்தபோது ‘முன்னவன் பிழையாக எழுதிவிட்டான்’ என்று துணிந்து, அதற்குப் பதில் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் போட்டவர் மற்றொரு சாரார். பதிப்பாசிரியர்க்கு முன்னவரால் விளைந்த தொல்லை சிறிது. பின்னவரால் விளைந்ததே பெரிது. ஏனெனில் முன்னவரின் பிழை பிழையாகவே தோன்றும். பின்னவரின் திருத்தம் சரிபோலவே தோன்றி, மூலத்தைத் தடமின்றி அழித்துவிடும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது, பல பிரதிகளை ஒப்பிட்டு, ஒன்றை மூலத்தில் வைத்து மற்றவற்றைப் பிரதிபேதமாக அடியில் காட்டியதும், புறநானூற்றில் சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டதும் வெறும் அடக்கத்தின் விளைவல்ல. செய்யுள் இயற்றத் தெரிந்த அவர் நினைத்திருந்தால் அவ்விடைவெளிகளை அழகாகவே அடைத்திருக்கலாம். அவ்வாறு அடைத்திருந்தால், சங்கச்செய்யுள் எது, ஐயர் செய்யுள் எது என்று இன்று நாம் தடுமாற நேர்ந்திருக்கும்.

அச்சு வந்தபின் குறிகள் ஓரத்துக்குக் குடியேறின. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849-இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரின் பதிப்புகள் சுத்தப் பதிப்புகள் என்று பெயர்பெற்றதற்கு அவருடைய இலக்கணப் புலமையோடு, புரூப் பார்ப்பதில் அவர் காட்டிய கடுமையும் காரணம். நாவலரைப்போல் எல்லோரும் இருக்க முடியாதே. ஆதலின், பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில், பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டங்களிட்ட ஒரு பட்டியல் தவறாமல் காணப்படும். அப்பட்டியலிலேயே அச்சுப்பிழை நேர்ந்திருப்பதும் உண்டு. அதற்குத் தனிப் பட்டியல் போடும் துணிவு எந்தப் பிரசுரகர்த்தருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இனி, ஊர்ப்பெயர்களின் விஷயம். ஆங்கிலேயர் காலத்து மதுரை ஜில்லா ஆவணங்களில், 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த கெஜட்டியர் உள்பட, இன்றைய கண்டமனூர் ஜமீன் கண்டமநாயக்கனூர் ஜமீன் என்றே காணப்படுகிறது. பள்ளத்தாக்கின் பெயரும் ஷகரத்தோடு வருஷநாடு என்றே எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் நாவில் நாயக்கர் தேய்ந்து கண்டமனூர் ஆயிற்று, ஷகரம் சகரமாயிற்று. வடவீர பொன்னையா அந்த ஜமீனின் வரலாற்றை எழுதியபோது தம் நூலுக்கு ‘வருச நாட்டு ஜமீன் கதை’ என்று உச்சரிப்பை ஒட்டியே பெயரிட்டார். இவற்றுள் எது பிழை? ஜமீன்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது; பழைய பத்திரங்களில் அவற்றின் பெயர்களோ அப்படியே நிற்கின்றன. தேனி மாவட்டம் 1996-இல் பிரிந்தது. அதற்கு முந்திய பத்திரம் எதுவும் மதுரை மாவட்டம் என்றே சொல்லும். எந்த வடிவத்தையும் பிழையென்று அடிக்கும் உரிமை பத்திரத்தைப் படியெடுப்பவருக்கு இல்லை. வருஷத்துக்கு வருடம் என்பதே பட்டியலில் கண்ட வடிவம் என்று கொண்டு, ‘வருடநாடு’ என ஒரு கணினி யோசனை கூறுமானால், ஏடெழுதினோரில் இரண்டாம் சாரார் மறுபிறவி எடுத்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

கணினி இந்நாட்டில் ஊரூராகப் புகுந்த காலத்தில் தமிழின் கதி வேடிக்கையாகவே இருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1971-இல் ரால்ப் கோரின் எழுதிய நிரல் முதலாக, எழுத்துப்பிழை காணும் கருவிகள் ஆங்கிலத்துக்கே செய்யப்பட்டன. எழுத எழுத உடனுக்குடன் சிவப்பு நெளிகோடு இடும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் வேர்டு 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் கொண்டுவந்தது. அந்நாளில் தமிழுக்கென்று கணினியில் தனி இடம் பரவலாகவில்லை. பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகள் இருக்கவேண்டிய வீடுகளிலேயே தமிழ் வடிவங்களைக் குடிவைத்திருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழ். இயந்திரத்தின் கணக்கில் அது அர்த்தமற்ற ஆங்கிலம். எனவே, ஒரு பக்கம் தமிழ் அடித்தால் பக்கம் முழுவதும் சிவப்பாயிற்று. அதுமட்டுமா? பாமினியில் சிறிய ‘எம்’ இருக்கும் இடம் அகரத்துக்கும், பெரிய ‘எம்’ ஆகாரத்துக்கும் உரியது. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வேர்டின் பழக்கம். ‘அவன்’ என்று வாக்கியத்தைத் தொடங்கி இடைவெளி விட்டவுடன் அது ‘ஆவன்’ என்று மாறி நிற்கும்; அடித்தவர் அழித்து மறுபடி அடிப்பார்; அது மறுபடி மாறும். டி.டி.பி. சென்டர்களில் புதிதாகச் சேர்ந்தவர்க்குக் கற்பித்த ஆரம்ப பாடங்களுள், தானியங்கித் திருத்தத்தையும் சிவப்புக்கோட்டையும் அணைத்துவைப்பது ஒன்றாக இருந்தது. ஒரு தலைமுறைத் தமிழ்த் தட்டச்சாளர்கள் அக்கோட்டை வெறும் இரைச்சலாகவே அறிந்திருந்தார்கள். பின்னர் ஒருங்குறி பரவி, தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டு, கணினி தமிழைத் தமிழென்றே அறியத் தொடங்கிய பிறகும், ‘அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளாதே’ என்ற பழைய உபதேசம் பல கடைகளில் நீங்கவில்லை.

தமிழுக்குச் சொற்பட்டியல் செய்வதும் சுலபமன்று. ஒரு வினையடி காலம், இடம், பால், எச்சம், எதிர்மறை, ஏகார உம்மைகள் என்று கிளைத்து ஆயிரக்கணக்கான வடிவங்களாகிறது. அத்தனையையும் பட்டியலில் எழுதிவைக்க இயலாது. ஒட்டுகளைப் பிரித்தறியும் இலக்கணத்தையே இயந்திரத்துக்குக் கற்பிக்கவேண்டும். இதே இடர்ப்பாட்டை உடைய ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நேமெத் இயற்றிய ஹன்ஸ்பெல் என்னும் கருவி பல மொழிகளுக்கும் உதவியது. தமிழில் பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் மென்தமிழும், நீச்சல்காரன் என்ற புனைபெயருடையவர் சந்திக்காக இயற்றிய நாவியும், எழுத்துப்பிழைக்காக இயற்றிய வாணியும் இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சிகள். வல்லினம் மிகும் இடத்தையும் மிகாத இடத்தையும் நாவி சுட்டிக்காட்டும்போது, பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரின் சிவப்பு மையை நினைத்துக்கொள்ளாதவர் இரார்.

கோடுகளின் நிறபேதத்தையும் இங்கே சொல்லிவிடலாம். சிவப்பு நெளிகோடு எழுத்துப்பிழை பற்றிய ஐயம். வேர்டில் முதலில் பச்சையாக இருந்த இலக்கணக்கோடு பிற்காலத்தில் நீலமாகி, அண்மைப் பதிப்புகளில் நீல இரட்டைக்கோடாக நிற்கிறது. லிப்ரெ ஆபீஸிலும் சொல்லுக்குச் சிவப்பு, இலக்கணத்துக்கு நீலம். இவை திரையில் மட்டும் தோன்றுவன, காகிதத்தில் அச்சாவதில்லை. கோட்டின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால், எழுத்தில் நெருங்கிய சொற்களை யோசனையாகக் காட்டும். அந்த யோசனைக்கு அடிப்படை, பிரெட் டேமரோ 1964-இல் எழுதிய கட்டுரை: ஆங்கிலத்தில் நேரும் எழுத்துப்பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்குமேல், ஓரெழுத்து மிகுதல், குறைதல், வேறாதல், அடுத்த இரண்டும் இடம்மாறல் என்ற நான்கில் அடங்கும் என்று அவர் கண்டார். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் வகுத்த நம் இலக்கணிகள் இதைக் கேட்டிருந்தால் முறுவலித்திருப்பார்கள்.

நீலக்கோட்டின் விஷயத்தில்தான் நம் இலக்கணம் ஒரு படி மேலே நிற்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழென வகுத்ததோடு நம் முன்னோர் நிற்கவில்லை. வழுவமைதி என்று ஒன்றையும் வகுத்தார்கள். தன் பசுவை அன்பு மிகுதியால் ‘லட்சுமி வந்துட்டா’ என்று சொல்லும் கோம்பைத்தொழு மூதாட்டி அஃறிணையை உயர்திணையாக்கினாள். ஆயினும் அது குற்றமன்று, உவப்பினால் வந்த திணை வழுவமைதி. இலைமுன் அமர்ந்து உண்டுகொண்டே, வாசலில் அழைப்பவருக்கு ‘இதோ வந்துட்டேன்’ என்பவர் காலத்தில் வழுவினார். விரைவுபற்றி அதுவும் அமையும். பிழையென்று தெரிந்தும் பொறுக்கவேண்டிய பிழை இது என்று சொல்ல ஓர் இலக்கணம் வேண்டும். கணினியிலோ அதற்கு உள்ளது ‘புறக்கணி’ என்ற ஒரு கட்டளைதான், அதையும் நாமே இடவேண்டும்.

பிழைக்கும் சரிக்கும் உள்ள எல்லையே காலத்துக்குக் காலம் நகர்வது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. துதிக்கையோடு எழுதிய பழைய லை, ணை முதலிய வடிவங்கள் அதன்பின் பாடப்புத்தகத்திலிருந்து மறைந்தன. அவற்றைச் சரியென்று கற்ற முதியவர்கள், பேரப்பிள்ளையின் வாய்ப்பாட்டைப் பார்த்துப் பிழையென்று அடித்ததும், பேரப்பிள்ளை தாத்தாவின் கடிதத்தைப் பார்த்துச் சிரித்ததும் ஒரே வீட்டில் நடந்தவை.

பிழைக்குறிக்குச் சட்டத்தின் மதிப்பு கிட்டும் இடம் பத்திரம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அடித்தல், திருத்தல், வரியிடை எழுதல் உள்ள ஆவணத்தை, எழுதிக்கொடுப்பவர் அந்தந்த இடத்தில் கையெழுத்திட்டு ஒப்பாவிட்டால் பதிவு செய்ய மறுக்கலாம் என்று பதிவதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகையால் பத்திர எழுத்தர்கள் பிழையை மறைப்பதில்லை. அடித்த சொல் கீழே தெரியும்படி ஒற்றைக்கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்து வாங்கி, முடிவில் ‘இத்தனையாம் பக்கம் இத்தனையாம் வரியில் இந்தச் சொல் அடித்து இந்தச் சொல் எழுதியது சரி’ என்று வாசகமும் சேர்ப்பார்கள். பிழையும் திருத்தமும் திருத்தியவர் கையும் ஒருங்கே தெரியும் இம்முறை, உ. வே. சா. ஏட்டுக்குச் செய்ததை நிலத்துக்குச் செய்வது.

கணினியில் அடித்த பத்திரத்திலோ அடித்தல் திருத்தல் ஏதும் தோன்றாது. தூய வெண்மையாக வரும். சிவப்புக்கோடு ஒன்றும் இல்லாத பக்கத்தைக் கண்டு திருப்தியடைந்து அச்சுக்குக் கொடுத்துவிடும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. நான்கு மால், அதாவது நாற்புற எல்லை, சொல்லும் பகுதியில், ‘ஓடைக்கு வடக்கு’ என்று இருக்கவேண்டியது பழைய பத்திரத்தைப் பார்த்து அடிக்கையில் ‘ஓடைக்குத் தெற்கு’ என்று விழுந்துவிட்டால், தெற்கு என்பது பட்டியலில் உள்ள நல்ல சொல். சந்தியும் சரியாகவே இருக்கிறது. எந்த நிறக்கோடும் விழாது. பத்திரத்தில் கண்ட இலவந்தோப்பு, ஓடையின் மறுகரைக்குப் போய்விடும். 82 சென்ட் 28 சென்ட் ஆனாலும் இவ்வாறே. எண்களைச் சொற்பட்டியல் கவனிப்பதே இல்லை. ஆகையால் அனுபவமுள்ள எழுத்தர்கள் அடித்து முடித்தபின் திரையைப் பார்ப்பதில்லை. ஒருவர் தாய்ப்பத்திரத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் சர்வே எண், விஸ்தீரணம், மால் ஆகியவற்றின்மேல் பேனாவை வைத்துக்கொண்டே வருகிறார்.

அப்படியும் தப்பிப் பதிவாகிவிட்டால், பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று எழுதிப் பதியவேண்டும். அதற்கு விற்றவர் இசைந்து வந்து கையெழுத்திடவேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரும் வரவேண்டும். ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இருப்பார். ஒருவருக்கு மற்றவரோடு பேச்சுவார்த்தை இராது. இசைய மறுத்தால், 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி சிவில் நீதிமன்றத்தில் வழக்கிட்டு, இருதரப்பாரின் பொதுத் தவறுதலால் அச்சொல் விழுந்தது என்று நிரூபிக்கவேண்டும். அவ்வழக்கில் சாட்சியாகக் கூப்பிடப்படுகிறவர் பெரும்பாலும் பத்திரம் எழுதியவரே.